விரலளவுச் சேனை

போர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். குழந்தை துப்பாக்கிப் பொம்மை கேட்டால், அதை மறுத்துப் பந்து வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அப்படியிருக்க, மேசைமீது இரு சேனைகளை எதிரெதிரே நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு போர் நடத்தும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி நம் சங்க இதழில் எழுதப் புகுவது சில அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், இதில் ஈடுபடுவோர் பகடை உருட்டும் நேரத்தைவிடத் தூரிகை பிடிக்கும் நேரமே பன்மடங்கு அதிகம். விரலளவு உயரமுள்ள வீரனுக்கு முகமும் கண்ணும் உடையும் தீட்டி, அவன் நிற்க ஒரு நிலத்தையும் குன்றையும் அமைப்பதே இதன் பெரும்பகுதி. அக்கைவேலையின் வரலாற்றையும் வழிமுறையையும், அது மனத்திற்குச் செய்யும் உதவியையும் இங்குச் சிறிது கூறுவோம்.

சதுரங்கத்தின் வழித்தோன்றல்

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பலகைமேல் நிறுத்தும் சதுரங்கம் நம் நாட்டில் பிறந்து, பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் 1780-ஆம் ஆண்டில் அச்சதுரங்கத்தை விரித்து, 1,000-க்கு மேற்பட்ட கட்டங்கள் கொண்ட ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். மலை, சதுப்பு, நீர் எனக் கட்டங்களுக்கு நிலத்தின் இயல்புக்கேற்பத் தனித்தனி வண்ணம் தந்தார். அதுவரை வெறும் கட்டமாக இருந்த இடம், அன்றுமுதல் நிலம் ஆயிற்று.

பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு இதை மேலும் வளர்த்தார். அவர் முதலில் மணலைக் குவித்து மேடும் பள்ளமும் அமைத்துப் படைகளை நகர்த்தி வந்தார். இளவரசர்கள் வாயிலாக இச்செய்தி அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் செவிக்கு எட்டியது. தாமும் காண வேண்டுமென்றார். அரசர் முன் மணலைக் கொட்டிக் காட்டுவது தகாதெனக் கருதிய ரைஸ்விட்ஸ் அவகாசம் கேட்டு, 1812-இல் ஒரு பெரிய மேசையையே செய்து கொண்டுவந்தார். சுண்ண வார்ப்பில் செய்து வண்ணம் தீட்டிய சதுரத் துண்டுகளை வேண்டியவாறு மாற்றி அடுக்கினால், ஆறும் சாலையும் காடும் ஊரும் அமையும். 1824-இல் அவருடைய மகன் இவ்விளையாட்டின் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது, படைத்தலைமையகத்துத் தளபதி மியூஃப்ளிங் அதைக் கண்டு வியந்து, இராணுவம் முழுவதற்கும் பயிற்சியாகப் பரிந்துரைத்தார்.

படைவீரர்களின் உருவங்களோ வேறொரு வழியில் வளர்ந்தன. நியூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றனர். 1893-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் ஒரு புதிய உத்தியைக் கையாண்டனர். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியவுடன் நடுவில் உள்ளதைச் சட்டென வெளியே கொட்டிவிடுவர். உள்ளே கூடான சிப்பாய் கிடைப்பான். ஈயச் செலவும் எடையும் குறைந்தன. சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேனை எட்டியது. 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், சிறு ரயில் மாதிரிகளோடு வைக்கத்தக்க அளவில் பிளாஸ்டிக் வீரர்களை வெளியிட்டது. குன்று, மரம், பாலம் அமைக்கும் வித்தையில் பெரும்பங்கு மாதிரி ரயில் அமைப்போரிடமிருந்து இவர்கள் கற்றதே என்பதை ரயில்வே ஊழியராகிய நாம் சற்றுப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறோம்.

இன்று இத்துறையில் பெயர் பெற்றது, 1975-இல் லண்டனில் தோன்றி இப்போது நாட்டிங்காமில் இயங்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம். அவர்களுடைய வார்ஹாமர் விளையாட்டு 1983-இல் வெளிவந்தது. அதில் வரும் வீரர்கள் கற்பனை உலகத்தினர்.

தூரிகை வேலை

இப்போது பெரிதும் வழங்கும் உருவம் சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுடையது. ஓரங்குலத்திற்குச் சற்றே மிகுதி. அதற்கு வண்ணம் தீட்டும் முறை ஒழுங்கானது. பொறுமையுள்ள எவருக்கும் கைவரும்.

முதலில் உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் உள்ள கோட்டைக் கத்தியால் சுரண்டி நீக்க வேண்டும். அடுத்து, வண்ணம் பிடிக்கும்பொருட்டுச் சாம்பல், வெள்ளை அல்லது கறுப்பு நிறத்தில் பிரைமர் பூச வேண்டும். பிறகு தோல், சட்டை, தோல்வார், காலணி ஆகியவற்றிற்கு உரிய நிறங்களைத் தீட்டலாம். அக்ரிலிக் வண்ணத்தில் சிறிது நீர் கலந்து, மெல்லியதாக இருமுறை பூசுதல் நலம். தடித்து ஒருமுறை பூசினால் மூக்கும் விரலும் மூழ்கிவிடும்.

அடுத்த படியே முக்கியமானது. இவ்வளவு சிறிய உருவத்தின்மீது விளக்கொளி விழும்போது, போதிய நிழல் தானாக உண்டாவதில்லை. ஆகையால் நிழலையும் நாமே தீட்ட வேண்டும். மிக நீர்த்த கரும்பழுப்பை மேலே விட்டால், அது உடையின் மடிப்புகளுக்குள் ஓடித் தங்கி நிழலாகும். பின்னர் அதே சட்டை நிறத்தைச் சற்று வெளுப்பாக்கி, முழங்கை, தோள், மடிப்பின் விளிம்பு முதலிய மேடான இடங்களில் மட்டும் தொட்டுவிட வேண்டும். கூத்து மேடையில் தூரத்திலிருப்போர்க்கும் முகபாவம் விளங்க மிகையாக மை தீட்டுவதற்கு ஒப்பானது இது. கையில் எடுத்துப் பார்த்தால் கடுமையாகத் தோன்றுவது, மேசையின் இப்புறத்திலிருந்து பார்க்கையில் உயிருள்ள முகமாகத் தெரியும்.

கவசம், கம்பளி போன்றவற்றிற்கு எளிய வழியுண்டு. தூரிகையில் வண்ணத்தை எடுத்து, பழந்துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் உருவத்தின்மீது லேசாக உராய்ந்தால், மேடுகள் மட்டும் நிறம் பெறும். கடைசியில் வார்னிஷ் பூசாவிடில், கைபட்டுக் கைபட்டு வண்ணம் உதிரும்.

இவ்வேலை சரித்திரப் படிப்பிற்கும் தூண்டுகோலாகும். சிப்பாய் அணிந்தது எந்த நிறம், ஏன் என்று தேடினாலன்றித் தீட்ட இயலாது. 1806-ஆம் ஆண்டின் சென்னைப் படைச் சிப்பாய் ஒருவனைத் தீட்ட முற்படுபவன், அவன் தலையில் எதை வைப்பது என்ற கேள்வியில் நிற்பான். தோலாலான சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடை ஆகியவை அல்லவா அவ்வாண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களாயின? பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன செய்தி, தூரிகை முனையில் வந்து நிற்கும்போது மறப்பதில்லை.

மேசைமேல் நிலம்

நவராத்திரிக் கொலுவின் அடியில் கேழ்வரகு தெளித்து முளைக்க வைத்துப் புல்வெளி காட்டுவதும், கண்ணாடித் துண்டைச் சுற்றி மணல் இட்டுக் குளம் என்று சொல்வதும் நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த கலை. ஆதலின் இப்பகுதி நமக்குப் புதிதன்று.

பெட்டிகளில் வரும் தெர்மகோலைப் படிப்படியாக அடுக்கி ஒட்டிச் சரிவாகச் செதுக்கினால் குன்று. அதன்மேல் பெவிகாலைத் தடவி மணல் தூவி, காய்ந்தபின் கரும்பழுப்பு பூசி, வெளிர்ப்பழுப்பை உலர்ந்த தூரிகையால் உராய்ந்தால் மண் தரை. மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றி உலர்த்தித் தூவினால் புல். கிளைத்த குச்சியில் சாயமிட்ட பஞ்சுறையைக் கிள்ளி ஒட்டினால் மரம். ஆற்றுக்கு நடுவில் ஆழ்ந்த நிறமும் கரையோரம் வெளிர்நிறமும் தீட்டி, மேலே பளபளக்கும் வார்னிஷைப் பலமுறை பூச வேண்டும். ஓர் எச்சரிக்கை: டப்பாவிலிருந்து பீச்சும் வண்ணங்கள் பெரும்பாலும் தெர்மகோலை அரித்துக் கரைத்துவிடும். அதற்குத் தூரிகையும் நீர் கலந்த வண்ணமுமே ஏற்றவை.

இந்நிலம் அலங்காரம் மட்டுமன்று. காடு பார்வையை மறைக்கும். ஆறு நடையைத் தாமதப்படுத்தும். மேட்டில் நிற்பவனுக்கு அனுகூலம் மிகுதி. இதனோடு கணக்கும் வருகிறது. ஐந்தரை அடி மனிதன் 28 மில்லிமீட்டர் ஆனால் அளவு ஏறத்தாழ 60-இல் ஒரு பங்கு. ஏழடிக் கதவு சுமார் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 300 மீட்டர் செல்லும் துப்பாக்கிக் குண்டு மேசையில் 5 மீட்டர் செல்ல வேண்டும், அறையே போதாது! ஆகவேதான் தூரத்திற்கு வேறோர் அளவை விதிகள் வகுக்கின்றன. விகிதக் கணக்கில் தடுமாறும் பிள்ளை இதைத் தானே போட்டுப் பார்ப்பதைக் காணலாம்.

நஞ்சு பற்றி

பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இவ்வளவு சேர்ந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவே கிடையாது. பிரிட்டன் நிறுவனம் 1966-இல் ஈயச் சிப்பாய்களை நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடையில் அத்தகையவை கிடைத்தால் அலமாரிக் கண்ணாடிக்குள் வைக்கலாமேயன்றிச் சிறு பிள்ளைகள் கையில் தரலாகாது, அராவவும் கூடாது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று 2016-இல் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பெயரற்ற டப்பாக்களை நம்ப வேண்டாம். நுனி கூராகவேண்டித் தூரிகையை வாயில் வைக்கும் பழக்கம் எவ்வண்ணத்திற்கும் ஆகாது.

போர் விளையாட்டு ஆகுமா?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட பெற்றோரின் ஐயத்திற்கு வருவோம்.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'சிறு போர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, வில்விசைப் பீரங்கியால் மரக்குச்சிகளை எறிந்து வீழ்த்தும் ஆட்டத்தின் விதிகள் அதில் உள்ளன. நூலின் முடிவில் அவர், இச்சிறு போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே பெரும்போர் எத்தகைய தடுமாற்றம் நிறைந்தது என்பது விளங்கும் என்ற கருத்தை வற்புறுத்தினார். மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. அப்போது அதே வெல்ஸ், இது போருக்கே முடிவு கட்டும் போர் என்று சொல்லி அதை ஆதரித்து எழுதினார். பொம்மைப் போர் ஆடினால் மட்டும் ஞானம் வந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பிரஷ்ய அதிகாரிகள் இதே ஆட்டத்தைப் போர் புரியக் கற்கவே ஆடினர்.

எனினும், தாமே தீட்டிய சேனையை மேசையில் நிறுத்துவோர் அறியும் ஒன்று உண்டு. ஒரு வீரனுக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டால், 40 பேர் கொண்ட படைக்கு 40 மணி நேரம். வேலை முடிந்து வந்து நாளொன்றுக்கு அரைமணி வீதம் உழைத்தால் 80 நாட்கள். அப்படை முன்னேறுகையில் எதிராளியின் பகடை ஒருமுறை உருள்கிறது. ஐந்து பேரை எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதாகிறது. பத்து நாள் மாலைப் பொழுதுகள் ஒரு நொடியில் அகன்றன! அந்த ஐவரில் ஒருவனுடைய கண்ணைத் தீட்ட மூச்சடக்கி முழங்கையை மேசையில் ஊன்றியது நினைவுக்கு வரும். நாளெல்லாம் பேரேட்டில் எண்களை ஏற்றியும் கழித்தும் வாழும் நமக்கு, ஐந்து என்பது கழித்தற்குரிய ஓர் இலக்கம். தீட்டியவனுக்கோ அது ஐந்து முகம். அவர்கள் பெட்டிக்குள் சென்று அடுத்த வாரம் மீண்டும் வருவர். மெய்யான போரில் வீழ்ந்தவர் வருவதில்லை. அவர்களை வளர்த்தோர் செலவிட்டதும் 20 ஆண்டுகள். இவ்வேற்றுமையைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் அருகிலிருக்கும் பெரியவரே. பகடை தானாக அதைச் சொல்லாது.

1962-இல் 'வார் கேம்ஸ்' என்ற நூலை எழுதி இப்பொழுதுபோக்கைப் பலரிடம் பரப்பிய டொனால்ட் ஃபெதர்ஸ்டன், இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணிபுரிந்தவர். மெய்ப்போரைக் கண்டவரும் மேசைக்கு வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

கோடை விடுமுறையில் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் பிள்ளைகளை அடக்கி வைக்க அல்லலுறும் அன்பர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். விலையுயர்ந்த உருவங்கள் தேவையில்லை. களிமண்ணில் தாமே பிடித்த பத்துச் சிப்பாய்கள், நான்கைந்து வண்ணங்கள், இரண்டு தூரிகைகள், ஒரு தெர்மகோல் பெட்டி, ஒரு மேசை ஆகியவை போதும். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கவும் வேண்டாம். கொலு வைக்கத் தெரிந்த கை இதற்கும் தேர்ந்த கையே. முதற்சிப்பாயின் கண் கோணலாகத்தான் வரும். பத்தாவது சிப்பாய் நேராகப் பார்ப்பான்.