வீட்டில் வளரும் ஹோயாக் கொடிகள்

ஹோயாக் கொடியை ஆசையுடன் வாங்கி வளர்ப்போர் பெரும்பாலும் இரண்டு குறைகளைக் கூறக் கேட்கலாம். தவறாமல் நீர் ஊற்றியும் செடி அழுகிப்போயிற்று என்பது ஒன்று. ஆண்டுகள் பல சென்றும் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை காண வேண்டுமாயின், தோட்டத்தை விட்டுச் சற்றே காட்டுக்குள் சென்று, இக்கொடி இயற்கையில் எங்கே, எவ்வாறு வாழ்கிறது என்று நோக்க வேண்டும்.

ஹோயா எருக்கின் உறவினம். முன்பு எருக்கங் குடும்பம் எனத் தனியே வழங்கப்பட்ட பிரிவைத் தாவரவியலார் இப்போது அரளிக் குடும்பத்தினுள் அடக்கியுள்ளனர். 1810-ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் இப்பேரினத்தை வரையறுத்தபோது, நார்தம்பர்லாந்துக் கோமகனின் தோட்டத்தைப் பராமரித்துவந்த தாமஸ் ஹாய் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். பிரபுவை விட்டுத் தோட்டக்காரரின் பெயரை ஒரு செடி தாங்குவது அரிதாகவே நிகழும் மரியாதை. இமயமலை அடிவாரம் முதல் ஆஸ்திரேலியா வரை 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மெழுகில் வார்த்தாற்போன்ற பூக்கள் கொத்துக்கொத்தாகத் தோன்றுவதால் மெழுகுப்பூக் கொடி எனலாம். ஆயினும் இனங்களைப் பிரித்துப் பேச வேண்டிய இடத்தில் விஞ்ஞானப் பெயரே குழப்பம் தராது என்பது மொழிபெயர்ப்பாளனாகிய என் கருத்து.

இவற்றுட் பல மண்ணில் வேரூன்றுவதில்லை. மரப்பட்டைகளிலும், கிளைகள் பிரியுமிடத்தில் தங்கும் பாசியிலும் இலைமக்கிலும் வேர்விட்டுப் படர்கின்றன. புல்லுருவியைப்போல மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை. மரம் இவற்றுக்கு இருப்பிடம் மட்டுமே. வடகிழக்கு இந்தியாவில் காணப்படும் ஓர் இனத்திற்குப் 'பாராசிட்டிகா', அதாவது ஒட்டுண்ணி, என்ற பெயர் வாய்த்துவிட்டது. அது வீண் பழி. மழை பெய்தால் வேர்கள் நன்றாக நனைகின்றன. மழை ஓய்ந்ததும் காற்று அவற்றை விரைவில் உலர்த்திவிடுகிறது. இந்த இடைக்கால வறட்சியைத் தாங்கவே தடித்த இலைகள் நீரைச் சேமிக்கின்றன. கார்னோசா என்னும் இனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, கள்ளியைப்போல் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கிறது. பகல் வெப்பத்தில் நீர் வீணாவதை இவ்வாறு குறைத்துக்கொள்கிறது.

இத்தகைய கொடியைக் களிமண் நிறைந்த பெரிய தொட்டியில் நட்டு நாள்தோறும் நீர் ஊற்றினால், வேர்கள் காற்றின்றி அழுகுவதில் வியப்பில்லை. சிறிய மண்தொட்டியே ஏற்றது. தேங்காய்மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, உடைத்த செங்கல் ஆகியவற்றுடன் சிறிது இலைமக்கைக் கலந்து நிரப்பினால் நீர் தங்காது வடியும். மேற்பகுதி நன்கு உலர்ந்த பின்னரே மீண்டும் நீர் விட வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. இலை சுருங்கிக் காணப்பட்டால் நீர் போதவில்லை என்று உடனே முடிவு செய்தலாகாது. தொட்டியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே உலர்ந்திருந்தால் நீர் விடலாம். ஈரமாக இருந்தும் இலை சுருங்கியிருந்தால் வேர் அழுகிவிட்டது என்பதே பொருள். அந்நிலையில் மேலும் நீர் விடுவது செடியைக் கொல்லும். நலமான தண்டை வெட்டிப் புதிதாகப் பதியம் வைப்பதே வழி.

எந்த ஊருக்கு எந்த இனம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதன்முறை வளர்ப்போருக்குக் கார்னோசா நன்று. அது பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த பியூபிகேலிக்ஸ், வெள்ளித் தூவல் படிந்த இலைகளுடன் சமவெளியின் வெப்பத்திலும் விரைந்து வளரும். பர்மாவிலிருந்து வந்த பெல்லா, தாழத் தொங்கும் கிளைகளையுடைய சிறு செடி. வேர் முற்றிலும் காய்வதை அது விரும்பாது. இமயமலைப் பகுதியின் லீனியாரிஸ், நூல்போன்ற மெல்லிய இலைகளுடன் திரைச்சீலைபோல் தொங்கும். டார்ஜிலிங், ஷில்லாங் போன்ற குளிர்ந்த ஊர்களுக்கு ஏற்றது, நாகபுரியின் கோடையில் அதைக் காப்பது கடினம். வடஇந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாத அனற்காற்றும் ஜனவரிக் கடுங்குளிரும் தாக்காதவாறு தொட்டிகளை உள்ளே எடுத்துவைத்தல் நலம். எவ்வூராயினும் காலை வெயில் படும் கிழக்குச் சாளரம் சிறந்தது. இருண்ட மூலையில் இலை வளரும், பூ வராது.

பூவாமைக்கு வெளிச்சக் குறைவுடன் கத்தரிக்கோலும் ஒரு காரணம். ஹோயாவின் பூக்கொத்து ஒரு குறுகிய காம்பின் நுனியில் தோன்றுகிறது. பூக்கள் உதிர்ந்த பின்னும் பல இனங்களில் அக்காம்பு உயிருடன் நிலைத்து, அடுத்த பருவத்தில் அதே நுனியிலிருந்து மீண்டும் பூக்கும். காய்ந்த குச்சி என்றெண்ணி அதை நறுக்குவோர் வரவிருக்கும் பூக்களையே நறுக்குகின்றனர். இலையின்றி நீண்டோடும் இளந்தண்டுகளுக்கும் இதே கதி நேர்வதுண்டு. அவை பற்றிக்கொள்ள இடம் தேடும் தண்டுகள். இலைகள் பின்னர் வரும்.

காதலர் பரிசாகக் கடைகளில் விற்கப்படும் இதய வடிவ ஒற்றை இலையைப் பற்றியும் கூற வேண்டும். அது தாய்லாந்து முதலிய நாடுகளில் வளரும் கெர்ரி என்னும் இனத்தின் இலை. மண்ணில் செருகிய இலை வேர்விடும், ஆண்டுக்கணக்கில் பசுமையாகவும் நிற்கும். ஆனால் தண்டின் கணுவும் அதிலுள்ள மொட்டும் சேர்ந்து வராவிடில் அது கொடியாவதில்லை. பணம் கொடுத்து ஏமாறுவதற்குப் பதில் ஆசிரியர்கள் இதையே பாடமாக்கலாம். ஏதேனும் ஒரு ஹோயாவின் ஒற்றை இலையையும், இரு கணுக்கள் உள்ள ஒரு தண்டுத் துண்டையும் அருகருகே நட்டால், கணுவின் பயனை மாணவர்கள் தாமே கண்டறிவர்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயாக்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த தாவரவியலறிஞர் ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கும் வைட்டியை அம்மலைத்தொடருக்கே உரியது. களப்பணிக்குச் செல்வோர் இவற்றைக் கண்டால் இடத்தையும் தாங்கிநிற்கும் மரத்தையும் குறித்துக்கொள்வதோடு நிற்க வேண்டும். காப்புக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றிச் செடியை எடுப்பது குற்றம்; மேலும், மரத்திலிருந்து பிய்த்தெடுத்த முதிர்ந்த கொடி தொட்டியில் பிழைப்பதும் அரிது. நாற்றங்காலில் வேர்விட்ட சிறு பதியமே எளிதில் நிலைகொள்ளும்.

மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அரளியிலும் எருக்கிலும் காணும் அதே மஞ்சள் அசுவினி இளந்தளிர்களில் மொய்ப்பதும் உண்டு. நீரைப் பீச்சினால் போய்விடும்.

பூத்தபின் ஒரு நுண்பெருக்காடியுடன் அதன் நடுவிலுள்ள விண்மீன் வடிவத்தை நோக்குக. மகரந்தம் இங்கே தூளாக இராது. இரண்டிரண்டாக இணைந்த மெழுகுத் திரள்களாக இருக்கும். மெல்லிய ஊசியைப் பக்கப் பிளவில் செருகி மெதுவாக மேலே இழுத்தால், பூச்சியின் காலில் ஒட்டுவதுபோல் அத்திரள் ஊசியில் ஒட்டிக்கொண்டு வெளிவரும். ஹோயா பூக்கும்வரை வகுப்பைக் காக்கவைக்க வேண்டுவதில்லை. சாலையோர எருக்கம்பூவிலும் இதே அமைப்பைக் காட்டலாம். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.