கண்டெடுத்த படச்சுருளும் கண்டோர் கருத்தும்



அஞ்சுவதற்கென்று பணம் கொடுப்பவன் மனிதன் ஒருவனே. காட்டு வழியிலே சருகு அசைந்தால் ஓடுகின்றவன், படமாளிகையிலே பேயைக் காண்பதற்கு வரிசையில் நிற்கின்றான். அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களங்களை நான்காக வகுத்தார். பேய் முதலாக வருத்துகின்ற அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அவை. இந்நான்கனுள் ஒன்றேனும் திரையிலே தோன்றாதிருக்க, கண்டோர் பலரை நடுங்கச் செய்த படம் ஒன்று உண்டு. அதே படத்தைக் கண்ட வேறு பலர், 'இதிலே அஞ்சுவதற்கு என்ன இருக்கின்றது?' என்று சினந்து எழுந்தனர். ஒரு படத்தைப் பற்றிக் கருத்து இவ்வாறு இருகூறாகப் பிளந்தமைக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

படத்தின் பெயர் 'த பிளெயர் விச் புறொஜெக்ற்'. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. டானியல் மிரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்னும் இளைஞர் இருவர் இதனை இயக்கினர். கதை மிகச் சிறியது. மேரிலாந்து மாநிலத்திலே பேர்க்கிற்ஸ்வில் என்னும் சிற்றூரை அடுத்த காட்டில் ஒரு சூனியக்காரி உலவுவதாக வழங்கும் கதையைப் படமாக்க, 1994ஆம் ஆண்டு மாணவர் மூவர் செல்கின்றனர், காணாமற் போகின்றனர். ஓராண்டின் பின் அவர்கள் எடுத்த படச்சுருள்கள் மட்டும் கிடைக்கின்றன. நாம் காண்பன அச்சுருள்களே என்று தொடக்கத்திற் சில வரிகள் அறிவிக்கின்றன. இத்தகைய படங்களைக் 'கண்டெடுத்த படச்சுருள்' வகையின என்பர்.

இவ்வுத்தி திரைப்படத்திற்கே உரியது எனக் கொள்ளற்க. 1897இல் வெளிவந்த 'டிராகுலா' என்னும் நாவல் நாட்குறிப்பு, கடிதம், செய்தித்தாட் பகுதி என்பவற்றின் தொகுப்பாகவே அமைந்தது. வானொலிக்கும் இதிற் பங்குண்டு. 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், ஓர்சன் வெல்ஸ் என்பார் செவ்வாய்க் கிரகத்தார் பூமியைத் தாக்கும் கதையைச் செய்தி அறிக்கை போல அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பினார். அதனை மெய்யென்று நம்பி அஞ்சியோர் இருந்தனர். நாடே கலங்கிற்று என்று மறுநாட் செய்தித்தாள்கள் எழுதியது மிகை என்பது பின்வந்த ஆய்வாளர் முடிபு. ஆகவே, ஒலிபரப்பை நம்பியோர் ஒருசாரார். எல்லாரும் நம்பினர் என்ற செய்தியை நம்பியோர் மற்றொரு சாரார். இரண்டாஞ் சாராரே பெரும்பாலர் போலும்!

நிற்க. பிளெயர் படம் எடுக்கப்பட்ட முறையை அறிந்தாலன்றி அதுபற்றிய கருத்து வேற்றுமை விளங்காது. 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் எட்டு நாள்களில் இதனை எடுத்து முடித்தனர். ஹெதர் டொனஹூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோசுவா லெனாட் என்னும் நடிகர் மூவரும் தம் சொந்தப் பெயர்களுடனேயே நடித்தனர். கமராவையும் தாமே இயக்கினர். எழுதி வைத்த உரையாடல் இல்லை. அன்றன்று செய்ய வேண்டுவன பற்றிய குறிப்புகள் காட்டிற் குறித்த இடங்களில் வைக்கப்பட்டன. நாளுக்கு நாள் உணவு குறைக்கப்பட்டது. இரவிலே இயக்குநரும் துணைவரும் கூடாரத்தைச் சூழ்ந்து ஒலியெழுப்பினர். கூடாரத்தைப் பிடித்து உலுக்கினர். இவ்வாறு சேர்ந்த ஏறத்தாழ 20 மணி நேரப் படத்தினின்று 81 நிமிடங்களைத் தெரிந்தெடுத்தனர். ஆதலால் திரையில் நாம் காணும் களைப்பும் பசியும் எரிச்சலும் பெரும்பாலும் நடிப்பல்ல.

அப்பாற் செய்த விளம்பரம் இதனினும் புதுமையானது. படம் வெளிவருமுன்னரே இணையத்தளம் ஒன்று அமைத்து, காணாமற் போனோர் வரலாறு, காவற்றுறைச் சான்றுகள் என்பன போலப் பலவற்றை அதில் இட்டனர். 1999 ஜனவரியிற் சண்டான்ஸ் திரைப்பட விழாவிற்கு வந்தோரிடம், இம்மூவரையும் கண்டவர் உளரா என வினவும் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தனர். அவ்விழாவில் ஏறத்தாழ 11 இலட்சம் டொலருக்கு விலைபோன படம், உலகெங்கும் ஏறக்குறைய 25 கோடி டொலரை ஈட்டியது. இணையத்தின் வழி ஒரு படத்தை மக்களிடத்துக் கொண்டு சென்றமைக்கு முதற் பேருதாரணமாக இன்றும் இதனையே காட்டுவர்.

இனி, கண்டோர் கருத்துக்கு வருவோம். விமர்சகர் பலர் பாராட்டினர். றொஜர் ஈபேட் என்னும் புகழ்பெற்ற விமர்சகர் தம் அளவையின் உச்சமாகிய நான்கு நட்சத்திரங்களையும் வழங்கினார். ஆனால், படம் பார்த்து வெளியே வருவோரிடம் கருத்துக் கேட்டுத் தரமிடும் 'சினமாஸ்கோர்' நிறுவனத்தின் கணிப்பிற் பொதுமக்கள் அளித்த தரம் 'சி பிளஸ்' மட்டுமே. மதிப்புக் குறைந்த படங்களுக்கெனக் கேலியாக வழங்கும் 'றாசி' விருது அவ்வாண்டின் மிக மோசமான நடிகையாக ஹெதர் டொனஹூவைத் தெரிந்தது. காண வந்த கூட்டம் பெரிது. கண்டு மகிழ்ந்த கூட்டம் அத்துணைப் பெரிதன்று.

குறைகூறினோர் சொன்னவை மூன்று வகையின. முதலாவது, உடலைப் பற்றியது. கையிலே பிடித்த கமரா ஓயாது ஆடுவதனாற் சிலருக்குத் தலை சுற்றியது, சிலர் வாந்தியெடுத்தனர். கண் 'அசைகின்றேன்' என்கின்றது. காதினுள்ளே சமநிலை காக்கும் உறுப்போ 'இருக்கையில் இருக்கின்றேன்' என்கின்றது. இவ்விரண்டன் முரண்பாடே அம்மயக்கத்திற்குக் காரணம். இதனைச் சுவைக்குறைவு என்று இகழ்தல் தகாது.

இரண்டாவது, 'பேயைக் காட்டவில்லை' என்பது. அடுக்கிய கற்கள், மரங்களிலே தொங்கும் குச்சிப் பாவைகள், இருளிலே குழந்தைக் குரல், இவை போன்ற சில அறிகுறிகளையன்றி வேறொன்றும் திரையில் இல்லை. படத்தின் இறுதியில், பாழ்வீட்டின் நிலவறையில் ஒருவன் சுவரின் மூலையை நோக்கி அசையாது நிற்கின்றான், கமரா விழுகின்றது, படம் முடிகின்றது. 'இதுதானா முடிவு?' என்று கேட்டோர் பலர். ஆனால் படத்தின் முற்பகுதியில் ஊரவர் ஒருவர், பிள்ளைகளை இருவர் இருவராகக் கொண்டுசென்று, ஒருவரை மூலையை நோக்கி நிற்கச் செய்து மற்றவரைக் கொன்றவன் ஒருவனைப் பற்றிச் சில சொற்களிற் கூறிச் செல்கின்றார். அதனைச் செவிமடுத்தவருக்கு இறுதிக் காட்சி உறைய வைப்பது; அதனைத் தவறவிட்டவருக்கு அது வெறுஞ் சுவரே. இரு சாராரும் கண்டது ஒன்றே, கேட்டதே வேறு.

மூன்றாவது குறையே என் உள்ளத்திற் பெரிதும் தைப்பது. 'எம்மை ஏமாற்றிவிட்டனர்' என்றனர் சிலர். மூவரும் உண்மையாகவே இறந்தனர் என்று நம்பிச் சென்றவர் பின்னர் அவர்களை உயிரோடு கண்டபோது, மகிழ்வதற்குப் பதிலாக வெகுண்டனர். ஹெதரின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தனவாம். பெற்ற தாய், உயிரோடிருக்கும் மகளுக்காக இரங்கல் மடல் பெறுவது என்ன கொடுமை! படம் ஈட்டிய பெரும் பொருளில் தமக்குத் தக்க பங்கு வரவில்லை என்று அந்நடிகர் மூவரும் 2024ஆம் ஆண்டிலும் வெளிப்படையாக முறையிட்டனர். 'இது நடிப்பன்று' என்று உலகம் நம்பியதே அவர்தம் நடிப்பின் வெற்றி; அவ்வெற்றியே அவர்களுக்கு உரிய பெயரையும் மறைத்தது.

இவ்வகையிலே முன்பும் பின்பும் வந்த படங்களும் கருத்திற்கு உரியன. 1980இல் இத்தாலியில் வெளிவந்த 'கனிபல் ஹொலோகோஸ்ற்' படத்தை எடுத்த றுஜெறோ டெயோடாட்டோ, தாம் கொன்றதாக ஐயுறப்பட்ட நடிகர் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க நேர்ந்தது. அப்படத்தில் விலங்குகள் உண்மையாகவே கொல்லப்பட்டமை இன்றும் கண்டிக்கப்படுகின்றது. ஏறத்தாழ 15,000 டொலர் செலவில் எடுக்கப்பட்டு, 2009இல் நாடெங்கும் வெளியான 'பரநோர்மல் அக்றிவிற்றி' 19 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அதன் விளம்பரத்திற் படக்காட்சிகளோடு, இருட்டிலே அலறும் பார்வையாளர் முகங்களையும் காட்டினர். கண்டோர் கருத்தே விற்பனைச் சரக்காயிற்று.

நேயர்களே, ஒரு பாடசாலை அதிபனாகிய எனக்கு இவற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளின் முன் என் பாடசாலையில் மாணவன் ஒருவன், கைவிடப்பட்ட பழைய கட்டடத்துள் ஓர் உருவம் அசைவதைக் கைத்தொலைபேசியிற் பிடித்தான். மாலைக்குள் அப்படம் ஊரெல்லாம் பரவிற்று. கீழ்வகுப்புப் பிள்ளைகள் மூன்று நாள் வரவில்லை. அக்கட்டடத்தருகே உறங்குவதை வழக்கமாகக் கொண்ட ஏழை முதியவள் ஒருத்தியை ஊரவர் சிலர் ஏசி விரட்டினர். உருவமாக அசைந்தது அவன் தோழனும் ஒரு வெள்ளைத் துணியும் என்பது பின்னர் தெரிந்தது. நான் காலைக் கூட்டத்தில் அவனைக் கடுமையாகத் தண்டித்தேன். அத்துடன் கடமை முடிந்தது என்றும் எண்ணினேன். அம்முதியவளைத் தேடியபோது அவள் ஊரை விட்டுப் போயிருந்தாள்.

தண்டனையினும் வேண்டப்பட்டது வேறொன்று என்பதைப் பிந்தியே உணர்ந்தேன். படத்தைக் கண்ட நூற்றுக்கணக்கானோருள் ஒருவரேனும், 'இதை எடுத்தவன் யார்? அஞ்சியவன் கை நடுங்காமல் எவ்வாறு நின்றது? எடுத்ததில் எதை வெட்டி எதை விட்டான்?' என்று கேட்கவில்லை. நானும் முதலிற் கேட்கவில்லை. 20 மணி நேரத்தை 81 நிமிடமாக்கிய கைகள் உண்டு என்பதை அறிந்து பார்ப்பவன் அப்படத்தாற் கெடுவதில்லை. அவன் அஞ்சிச் சுவைத்து, விளக்கு எரிந்ததும் எழுந்து வீடு செல்வான். அதனை அறியாதவனே கொட்டகைக்கு வெளியிலும் பேயைத் தேடுவான். பேய் கிடைக்காதபோது ஓர் ஏழையைப் பிடிப்பான்.

ஆகவே, பிளெயர் படம் நன்றா தீதா என்ற வழக்கிற்கு நான் தீர்ப்புக் கூறப் புகவில்லை. படமாளிகையில் ஏமாறுதல் இன்பம். வீதியில் ஏமாறுதல் பாவத்திற்கும் வழி. இவ்விரண்டனையும் பிரித்தறியும் பயிற்சியை இப்பொழுது மேல்வகுப்பு மாணவருக்கு அளித்து வருகின்றேன். ஒரு படத்தைக் காட்டியபின், 'அஞ்சினீர்களா?' என்று முதலிற் கேட்பேன். கைகள் உயரும். 'எதைக் கண்டு அஞ்சினீர்கள்?' என்று அடுத்துக் கேட்பேன். அப்பொழுது வகுப்பிலே ஓர் அமைதி நிலவும். அவ்வமைதியிலேதான் கல்வி தொடங்குகின்றது என்பது என் எண்ணம்.