டீரானாவுக்கு வந்த ரயில், போன ரயில்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அல்பேனியாவில் பயணிகள் ரயில் கிடையாது. முதல் உலகப்போரில் வந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் தங்கள் தேவைக்குக் குறுகிய பாதைகள் சில போட்டிருந்தன. 1947-இல்தான் துர்ரெஸ் துறைமுகத்திலிருந்து பெகின் வரை முதல் பாதை திறந்தது. 1949-இல் தலைநகர் டீரானாவுக்கு ரயில் வந்தது.

அந்தப் பாதைகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள். ஊர் ஊராகத் திரட்டப்பட்ட மாணவர்களும் கிராமத்து இளைஞர்களும் முகாமிட்டுத் தங்கி, மண்வெட்டியும் கடப்பாரையுமாக மண்ணணை எழுப்பினார்கள். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் ஆட்சியில் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்? அந்தக் கட்டாயத்தைப் பூசி மெழுகக் கூடாது. ஆனால், அவர்கள் போட்ட பாதை உண்மையானது. ஒரு நாட்டையே அது சுமந்தது.

ஏனென்றால், சொந்தக் கார் வைத்துக்கொள்ள அங்கே 1991 வரை அனுமதி இல்லை. கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, கல்லூரிக்கோ, தூரப் பயணம் என்றால் ரயில் அல்லது பஸ். செக்கோஸ்லோவாக்கிய டீசல் இன்ஜின்கள் ஒற்றைப் பாதையில் இழுத்துக்கொண்டு போகும். வடக்கே ஷ்கோடருக்கு 1981-இல் ரயில் போய்ச் சேர்ந்தது. கிழக்கே ஷ்கும்பின் ஆற்றை ஒட்டி, சுரங்கப்பாதைகளையும் உயர்ந்த பாலங்களையும் கடந்து ஓஹ்ரித் ஏரிக் கரை வரை இன்னொரு பாதை நீண்டது. பெரென்யாஸ் பக்கத்துச் சுரங்கங்களின் தாது அவ்வழியாகத்தான் எல்பசான் உருக்காலைக்கு இறங்கியது. அயல்நாட்டோடு இணைப்பு 1986-இல்தான் கிடைத்தது. அதுவும் மாண்டிநீக்ரோவுக்கு, சரக்குக்கு மட்டும்.

கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்ததும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன, சரக்கு போயிற்று. ஐரோப்பாவின் பழைய கார்கள் குவிந்தன. ‘ஃபுர்கோன்’ என்கிற வேன்கள், ஆள் நிறைந்ததும் கிளம்பி, கை காட்டிய இடத்தில் நிறுத்தின. டீரானாவிலிருந்து ஷ்கோடருக்கு நூறு கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. ரயிலுக்கோ ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். கையில் காசும் அவசரமும் உள்ளவர்கள் ரயிலை விட்டு விலகினார்கள். கிழவிகளும் காய்கறி மூட்டைக்காரர்களும் மாணவர்களும் மிஞ்சினார்கள்.

அந்நாளைய பெட்டிகளை நினைத்தால் கண்ணாடிகள்தான் முதலில் நினைவுக்கு வரும். பாதையோரச் சிறுவர்கள் எறிந்த கல் பட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் ஓடும் விரிசல். வெளியே வயலும் மலையும் அந்த விரிசல்களுக்கு இடையே துண்டு துண்டாகத் தெரியும். கண்ணாடி முழுதாகப் போன ஜன்னல் வழியே குளிர்காலத்தில் காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

ஆனாலும், கார்தான் ரயிலைக் கொன்றது என்று சொல்லிக் கைகழுவிவிட முடியாது. டீரானாவின் நடு நெடுஞ்சாலையின் தெற்கு முனையில் பல்கலைக்கழகம், வடக்கு முனையில் ரயில் நிலையம். இறங்கி நடந்தால் ஊரின் மையம். 2013 செப்டம்பரில் அந்த நிலையத்தை மூடி, இடித்து, சாலையை வடக்கே நீட்டினார்கள். அகன்ற சாலை தலைநகருக்குத் தேவைதான், அதில் சந்தேகமில்லை. அதற்காக ரயிலை நகருக்கு வெளியே, முதலில் வோராவிலும் பிறகு காஷாரிலும் நிறுத்தி, பயணிகளைப் பஸ்ஸுக்கு மாறச் சொன்னது பெரிய தவறு. ஏற்கெனவே தள்ளாடிய சேவைக்கு அது மரண அடியாக விழுந்தது.

இப்போது ஐரோப்பிய வங்கிக் கடனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியமும் கொண்டு டீரானா-துர்ரெஸ் பாதையைப் புதிதாகப் போடுகிறார்கள். வேலை 2021-இல் தொடங்கியது. மணிக்கு 120 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய பாதை, ரினாஸில் அன்னை தெரசா பெயர் தாங்கிய விமான நிலையத்துக்கு ஒரு கிளை என்று திட்டம். மனசார வரவேற்கிறேன். ஆனால், புதிய முனையம் பழைய இடத்தில் அமையாது. நகரின் மேற்கு ஓரத்துக்குத் தள்ளிப் போகிறது. அங்கிருந்து ஊருக்குள் போக இணைப்புப் பஸ் அடிக்கடி இல்லையென்றால், ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த நேரத்தைப் பஸ் நிறுத்தமே தின்றுவிடும். ஷ்கும்பின் பள்ளத்தாக்குப் பாதைக்கும் இதே அக்கறை கிடைக்க வேண்டும். விமான நிலையம் பக்கமே போகாதவர்களின் ஊர்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.