வாத்தியம் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா

சென்ற வாரம் லெனின்கிராடில் இருந்தோம். 1942 ஆகஸ்ட் 9 அன்று, முற்றுகைக்குள் பட்டினியில் வாடிய வித்வான்கள் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசித்த கதை அது. அவர்கள் கையில் வயலினாவது இருந்தது. கச்சேரிக்காகக் கொஞ்சம் கூடுதல் ரேஷனும் கொடுத்தார்கள். இந்த வாரம் நான் சொல்லப்போகிற பெண்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அதே 1942, பிப்ரவரி மாதம். சிங்கப்பூர் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. துறைமுகத்தில் கிடைத்த கப்பலில் எல்லாம் வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றி அனுப்பினார்கள். சுமத்ராவை ஒட்டிய பங்கா ஜலசந்தியில் ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பல்களைத் தேடித் தேடி அடித்தன. ‘வைனர் புரூக்’ என்ற கப்பல் 14ஆம் தேதி குண்டு விழுந்து மூழ்கியது. அதில் 65 ஆஸ்திரேலிய ராணுவ நர்சுகள் இருந்தார்கள். 12 பேரைக் கடல் கொண்டுபோனது. பங்கா தீவின் ராட்ஜி கடற்கரையில் கரை ஒதுங்கிய 22 பேரை இரண்டு நாள் கழித்து ஜப்பானியச் சிப்பாய்கள் கடலுக்குள் நடக்கச் சொல்லி, முதுகில் சுட்டார்கள். உயிர் தப்பியவர் விவியன் புல்விங்கல் ஒருவர்தான். அவரையும் சேர்த்து 32 நர்சுகள் கைதிகளாகி, சுமத்ராவின் பலெம்பாங் நகரில் இருந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

  

பலெம்பாங் முகாமில் ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர் என்று நூற்றுக்கணக்கான பெண்கள், கூடவே குழந்தைகள். டச்சுப் பெண்களில் பலர் சொந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். பெட்டி படுக்கையோடு வந்திருந்தார்கள். கப்பல் மூழ்கித் தப்பி வந்தவர்களுக்கோ உடுத்திய துணிதான் சொத்து. சோறு போதாது, தண்ணீர் போதாது, படுக்க இடம் போதாது. ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது. குழாயடிச் சண்டைக்கு வேறென்ன வேண்டும்? போர்க்கைதிகளைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் காவலாளியின் கொடுமையைச் சொல்லும். கைதிக்குக் கைதி மேல் வருகிற எரிச்சலைச் சொல்லத் தயங்கும். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த எரிச்சல்தான், ஏனென்றால் அதற்கும் சேர்த்துத்தான் மருந்து கண்டுபிடித்தார்கள்.

மார்கரெட் டிரைபர்க் 1890இல் பிறந்த ஆங்கிலேயர். மிஷனரி ஆசிரியை. சீனாவில் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூருக்கு வந்தவர், ஐம்பதைத் தாண்டிய வயதில் பிடிபட்டார். முகாமுக்குள் பிரார்த்தனை நடத்தினார், எழுதினார், பாட வைத்தார். அவர் இயற்றிய ‘கைதிகளின் கீதம்’ 1942 ஜூலை 5 அன்று முதன்முதலாக அங்கே பாடப்பட்டது. அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் நோரா சேம்பர்ஸ். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் வயலின் படித்தவர். இப்போது கையில் வயலின் இல்லை.

1943இல் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆங்கிலப் பாட்டு பாடினால் டச்சுக்காரி ஒதுங்குவாள், டச்சுப் பாட்டு என்றால் ஆங்கிலேயர்கள் முகம் சுளிப்பார்கள். பாட்டே வேண்டாம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் பியானோவுக்கும் எழுதப்பட்ட இசையை, ‘ஆ’, ‘ஊ’, ‘லா’ என்று வெறும் குரலில் பாடுவது. நம் ஆலாபனையில் சாகித்யம் இல்லாததுபோலத்தான். ஆனால் இங்கே நான்கு பிரிவாக உட்கார்ந்து, ஒவ்வொரு பிரிவும் வேறு வேறு ஸ்வரத்தை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும்.

அதற்கு ஸ்வரக் குறிப்பு வேண்டுமே? முகாமில் ஒரு ஏடு கிடையாது. டிரைபர்க் நினைவிலிருந்தே எழுதினார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். டிவோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியின் லார்கோ பகுதி முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கானது. எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, அடியில் எந்த ஸ்வரம் ஓடுகிறது என்று தலைக்குள் கேட்க வேண்டும். அதை நான்கு பெண் குரல்களுக்குள் அடக்க வேண்டும். பெண் குரலுக்கு எட்டாத கீழ் ஸ்வரங்களை மேலே தூக்கி வைக்க வேண்டும். பசியில் மூச்சுப் பிடிக்க முடியாதவர்கள் பாடப்போகிறார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கிடைத்த காகிதத்தில் பென்சிலால் அவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். நோரா பயிற்சி கொடுத்தார்.

1943 டிசம்பர் 27 அன்று முதல் கச்சேரி. சுமார் 30 பெண்கள், வெளுத்துப்போன உடையில், வெறுங்காலோடு வந்து ஆளுக்கொரு சின்ன முக்காலியில் உட்கார்ந்தார்கள். நின்று பாடத் தெம்பில்லை. லார்கோ தொடங்கியதும் காவலாளி ஒருவன் கத்திக்கொண்டே ஓடி வந்தான். நோரா கையை நிறுத்தவில்லை. வந்தவன் அப்படியே நின்று கேட்க ஆரம்பித்தான். மெண்டல்சன், ஷோப்பன், பிராம்ஸ் என்று கச்சேரி தொடர்ந்தது.

புரூஸ் பெரஸ்ஃபோர்டு 1997இல் இந்தக் கதையை வைத்து எடுத்த ‘பாரடைஸ் ரோடு’ படத்தில் காவலாளி மனம் இளகுவது பெரிய காட்சி. எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. கேட்டு உருகிய காவலாளிகளால் கைதிகளுக்குப் பிடி அரிசிகூடக் கூடவில்லை. பட்டினி போட்டவர்களுக்கு ரசனை இருந்தது என்று தெரிந்து நமக்கென்ன ஆகப்போகிறது? குழாயடியில் முறைத்துக்கொண்ட ஆங்கிலேயப் பெண்ணும் டச்சுப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மூச்சை இன்னொருவர் கவனித்துப் பாடினார்களே, அது பெரிது.

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 30 உருப்படிகளை அமைத்தார்கள். 1944இன் பிற்பகுதியில் முகாமை மறுபடி பங்கா தீவின் முண்டோக்குக்கு மாற்றினார்கள். அங்கே மலேரியா, பெரிபெரி, வயிற்றுக்கடுப்பு. 1945 ஏப்ரலில் மீண்டும் கப்பல், ரயில் என்று இழுத்துக்கொண்டுபோய் சுமத்ராவின் உள்ளே பெலாலாவ் ரப்பர் தோட்டத்தில் விட்டார்கள். அந்தப் பயணத்தைத் தாங்காத டிரைபர்க் ஏப்ரல் 21 அன்று இறந்தார். ஜப்பான் சரணடைய இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள் பாடியவர்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். யாரும் தடை போட்டு இந்தக் குழு நிற்கவில்லை. பாட ஆள் இல்லாமல் நின்றது. கைதான 32 நர்சுகளில் ஊர் திரும்பியவர்கள் 24 பேர்.

நோரா பிழைத்தார். அந்தக் காகிதங்களும் பிழைத்தன. குழுவில் பாடிய டச்சுப் பெண்களில் ஒருவரான அன்டோனெட் கோலைன் தன் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவருடைய அக்கா ஹெலன், கூடவே கைதியாக இருந்தவர், முகாம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். கலிஃபோர்னியாவின் பெனின்சுலா பெண்கள் கோரஸ் அந்தக் குறிப்புகளை வைத்துப் பாடிப் பதிவும் செய்தது.

தேடினால் அந்தப் பதிவு கிடைக்கும். முதலில் லார்கோவை முழு ஆர்க்கெஸ்ட்ராவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பிறகு இதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)