டுரியான் பூவும் பத்துமலை வௌவாலும்

டுரியான் காலம் வந்துவிட்டால், சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரை சாலையோரக் கடைகளைக் கண்ணுக்கு முன்னே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த மரம் மணத்தால் விருந்தாளியை அழைக்கத் தொடங்குவது அதற்குச் சில மாதங்கள் முன்பே, பூக்கும்போதே. மாலையில் விரியும் டுரியான் பூ புளித்த பால்போல் மணக்கும். விடிவதற்குள் இதழ்கள் உதிர்ந்துவிடும். அந்த ஓரிரவுக்குள் மகரந்தம் வேறொரு மரத்துக்குப் போயாக வேண்டும். தன் மகரந்தத்தாலேயே டுரியான் காய்ப்பது அரிது. கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் தேனுண்ணும் குகை வௌவால். பத்துமலைக் குகைகளிலும் இந்த இனம் வாழ்கிறது. பூச்சி தின்னும் வௌவால்களைப்போல் குரலெழுப்பி எதிரொலியால் இரை தேடும் திறன் இதற்கு இல்லை. கண்ணையும் மூக்கையும்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

அப்படியானால் வாசனை இழுக்கிறது, வௌவால் வருகிறது என்று சொல்லிவிடலாமா? விஷயம் அவ்வளவு எளிதல்ல. பூக்களில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் அமெரிக்கக் கண்டத்துத் தேன்வௌவால்களை ஈர்ப்பதாக 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே சேர்மத்தை நம் பக்கத்துக் குகை வௌவாலிடம் சோதித்தபோது அது பொருட்படுத்தவே இல்லை என்கிறது 2015-இல் வெளிவந்த ஆய்வு. மூக்குக்கு இதில் பங்கில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். தனியாகப் பிரித்த ஒரு சேர்மம் பூவின் முழு மணமாகிவிடாது. மேலும், பத்துமலை வௌவால்கள் கடலோரக் கண்டல் பூக்களைத் தேடி 38 கிலோமீட்டர் வரை பறப்பதை 1970-களின் ஆய்வு காட்டியது. அத்தனை தொலைவுக்கு எந்தப் பூவின் மணமும் எட்டாது. வழியை நினைவு காட்டுகிறது. இன்றிரவு விரிந்திருக்கும் மரம் எது என்பதை அருகே வந்தபின் மணம் சொல்கிறது என்றே நான் கருதுகிறேன்.

டுரியானுக்கு இந்த வௌவால் தேவை என்பதால்தான் குகையும் கண்டல் காடும் முக்கியமாகின்றன. டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்களே. மற்ற நாள்களில் வௌவாலின் பசியாற்றுவதில் கண்டல் பூக்களுக்குப் பெரும் பங்குண்டு. தேனீக்கள் போதாதா என்று கேட்கலாம். மலைத்தேனீயும் டுரியானுக்கு வருகிறது. ஆனாலும் தென் தாய்லாந்து ஆய்வில் முதன்மை மகரந்தத் தூதராகத் தெரிந்தது வௌவால்தான். வௌவால்கள் பூவை நாசமாக்குகின்றன என்ற குற்றச்சாட்டும் உண்டு. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களைக் கேமராவில் கவனித்த 2017 ஆய்வு அதை மறுத்தது: பூவுக்குச் சேதமின்றித் தேன் குடித்தன, காய்ப்பும் கூடியது. சிலாங்கூர் கரையில் கண்டல் காட்டை அழிக்கும் திட்டம் வரும்போது, உலு லங்காட் டுரியான் தோட்டக்காரர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும்.