கொதித்தால் தெரியும்… வோல்ட்டேஜ் ஏறினால்?

பயாஸ் திரையில் 1.250 என்று ஓர் எண். கூட்டல் விசையைத் தட்டினால் 1.255. இன்னொரு தட்டு, 1.260. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஓவர்கிளாக்கிங்கில், அதாவது ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், அதன் ஆயுளைத் தின்பது பெரும்பாலும் இந்த வோல்ட்டேஜ் எண்தான். நம் கண்ணோ வெப்ப அளவை விட்டு நகராது.

வெப்பத்துக்குக் காவல் உண்டு. இன்டெல்லின் டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. ரைசன் 7000 வரிசையில் 95, அதன் எக்ஸ்3டி வகைகளில் 89. எல்லையைத் தொட்டதும் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் அணைந்துவிடும். வோல்ட்டேஜுக்கு இவ்வளவு கண்டிப்பான காவல் கிடையாது. கையால் போட்ட எண்ணை மதர்போர்டு பெரும்பாலும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடும்.

உள்ளே நடப்பது மெதுவான தேய்மானம். தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெலிந்த செம்புத் தடங்களில் ஓடும் எலக்ட்ரான்கள், வழியிலுள்ள அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. மின்னோட்டமும் வெப்பமும் கூடக்கூட ஆயுள் எப்படிக் குறையும் என்று ஜேம்ஸ் பிளாக் 1969-லேயே சூத்திரம் எழுதிவிட்டார். டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில் உள்ள மெல்லிய காப்புப் படலமும் அதிக வோல்ட்டேஜில் பலவீனப்படும்.

2002 வாக்கில் வந்த நார்த்வுட் பென்டியம் 4-க்கு நிர்ணயித்த அளவு சுமார் 1.5 வோல்ட். ஆர்வலர்கள் 1.7-க்கு மேல் ஏற்றினார்கள். வெப்பம் கட்டுக்குள்தான் இருந்தது. சில வாரம், சில மாதம் கழித்து ஒருநாள் மெஷின் எழுந்திருக்கவில்லை. ‘திடீர் நார்த்வுட் மரணம்’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அதற்குச் சில ஆண்டு முன்பு, 1998-இன் செலரான் 300ஏ, 2 வோல்ட்டிலேயே 450 மெகாஹெர்ட்ஸ் ஓடிக் காட்டியிருந்தது. சிப்பின் நுணுக்கம் கூடினால் தாங்கும் வோல்ட்டேஜ் குறையும். அண்ணன் காலத்து எண்ணைத் தம்பி போடக் கூடாது.

ஓவர்கிளாக் செய்யாதவர்களும் தப்பவில்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7800எக்ஸ்3டி சில கருகின. மெமரி வேகத்தைக் கூட்டும் அமைப்பை ஆன் செய்தபோது, சில மதர்போர்டுகள் சிப்பின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜையும் தாராளமாக ஏற்றியிருந்தன. ஏஎம்டி அதை 1.3-இல் கட்டிப்போட்டது. அடுத்த ஆண்டு இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்களின் முறை. சிப்பின் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் வந்த 0x129 திருத்தம் 1.55-க்கு மேல் கேட்கவிடாமல் தடுத்தது. வாரன்டி 2 ஆண்டு நீண்டது. ஏற்கெனவே கெட்ட சிப்பை எந்தத் திருத்தமும் சரிசெய்யவில்லை.

அப்படியானால் எவ்வளவு வைக்கலாம்? இன்றைய சிப்களுக்கு நான் வைத்திருக்கும் கோடு: எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் ஓடும்போது 1.3 வோல்ட், 85 டிகிரி. இது என் எச்சரிக்கைக் கணக்கு, கம்பெனி உத்தரவாதம் அல்ல. சும்மா இருக்கும் ரைசன் 1.4 காட்டினால் பதற வேண்டாம். அப்போது மின்னோட்டம் சொற்பம். சுமையோடு சேர்த்துத்தான் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். பயாஸில் 1.30 வைத்தால் சுமை ஏறும்போது அது 1.25-க்குச் சரியலாம். அந்தச் சரிவை ஒழிக்க லோட்-லைன் அமைப்பை உச்சத்தில் வைப்பவர்கள் உண்டு. அங்கேதான் வில்லங்கம்: சுமை சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்ட்டேஜ் எகிறும், நாம் பார்க்கும் மென்பொருளோ அந்த நுண்கணத்தைக் காட்டாது.

இன்னொன்று, அறைச் சூடு. அது கூடுகிற அளவுக்குச் சிப்பும் ஏறக்குறைய அப்படியே கூடும். மார்கழியில் 78 டிகிரியில் தேறிய மெஷின், ஏசி இல்லாத மாடி அறையில் சித்திரையில் 88-ஐத் தொடும்.

லாபக் கணக்கையும் பார்த்துவிடலாம். 4.7 கிகாஹெர்ட்ஸை 5.0 ஆக்க 1.20-லிருந்து 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் கூடுவது 6 சதவீதம். மின்செலவு வேகத்தோடும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுவதால் அது சுமார் 35 சதவீதம் கூடும்.

இதெல்லாம் எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. என் பழைய ப்ராசஸர் முதல் வருடம் 1.28-இல் மணிக்கணக்கான சோதனையைத் தாண்டியது. அடுத்த வருடம் அதே வேகத்துக்கு 1.30 கேட்டது, பிறகு 1.33. கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். இப்போது அது அண்ணன் வீட்டில், கம்பெனி வேகத்துக்கும் 200 மெகாஹெர்ட்ஸ் கீழே ஓடுகிறது. அண்ணன் மகன் அதில் கிரிக்கெட் ஆடுகிறான். வேகம் குறைந்ததை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.