ஒவ்வாமை போலத் தோன்றும் வீக்கம்

எனாலபிரில், ராமிபிரில், லிசினோபிரில் முதலிய ரத்த அழுத்த மாத்திரைகள் 'ஏ.சி.இ. தடுப்பான்கள்' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை உட்கொள்வோரில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் ஏழு பேர் வரை, உதடும் நாக்கும் தொண்டையும் திடீரென வீங்கும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். ஏ.சி.இ. என்பது உடலிலுள்ள ஒரு நொதி. ரத்த நாளங்களைச் சுருக்கும் பொருளை உண்டாக்கும் அதே நொதி, நாளங்களை விரித்து நீரைக் கசியவிடும் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கவும் செய்கிறது. மாத்திரை அந்நொதியைத் தடுக்கும்போது பிராடிகைனின் தேங்கி, சிலருக்குத் திசுக்கள் வீங்குகின்றன. பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியனின் நஞ்சைக் கொண்டு நடந்த ஆய்வில்தான் 1940களின் இறுதியில் பிராடிகைனின் கண்டறியப்பட்டது என்பதும், அதே நஞ்சிலிருந்து கிடைத்த அறிவே 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காப்டோபிரில் என்ற முதல் ஏ.சி.இ. மாத்திரைக்கு வழிவகுத்தது என்பதும் வியப்புக்குரியவை.

பல ஆண்டுகள் தொல்லையின்றி மாத்திரை உண்டவருக்கும் இவ்வீக்கம் வரக்கூடும் என்பதால், காரணம் அதுவே என்ற ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. அரிப்போ தடிப்போ இல்லாமல் வருவது இதன் முக்கிய அடையாளம். ஒவ்வாமையில் சுரப்பது ஹிஸ்டமின். இங்கே அது காரணமல்ல என்பதால், ஒவ்வாமைக்குரிய ஊசிகளும் ஸ்டீராய்டும் அட்ரினலினும் இவ்வீக்கத்தை நம்பத்தக்க அளவில் வடியச் செய்வதில்லை. எனினும், ஒவ்வாமை இல்லையென்று உறுதியாகாத நிலையில் மருத்துவர்கள் அவற்றைத் தருவது சரியே. அவற்றை நம்பிக் காத்திருப்பதுதான் தவறு.

குரல் மாறுவதும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிவதும், மூச்சு இரைவதும் தொண்டை அடைபடுவதன் அறிகுறிகள் என்பதால், அந்நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்து, தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே முதற்பணி மூச்சுவழியைக் காப்பதே. வீங்கிய நாக்கு வாய்வழியை மறைத்துவிடுவதால், மெல்லிய கேமராக் குழாயின் துணையுடன், நோயாளி விழித்திருக்கும்போதே, மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் செலுத்தப்படுகிறது. அதுவும் இயலாவிட்டால் கழுத்தின் முன்புறத்தில் திறப்பு இட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அதற்கான கருவிகளும் முன்னரே தயாராக வைக்கப்படுகின்றன.

பிராடிகைனின் செயலைத் தடுக்கும் இக்காட்டிபன்ட் ஊசி, 2015இல் 27 பேரிடம் நடந்த ஜெர்மன் ஆய்வில் வீக்கம் முற்றிலும் வடியும் நேரத்தை ஏறத்தாழ 27 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகக் குறைத்தது. ஆனால் 2017இல் வெளியான, 121 பேர் பங்கேற்ற ஆய்வில் அப்பயன் தெரியவில்லை. ஏ.சி.இ. நொதியைக் கொண்ட உறைநிலை ரத்தப் பிளாஸ்மாவைச் சில மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன.

பெரும்பாலும் ஓரிரு நாளில் வீக்கம் வடிந்துவிடும். ஆயினும் ஏ.சி.இ. தடுப்பான் குடும்பத்தின் எந்த மாத்திரையும் அந்நோயாளிக்கு மீண்டும் தரப்படக் கூடாது. மாத்திரையை நிறுத்திய பின்னும் சில வாரங்கள் வரை வீக்கம் திரும்பக்கூடும் என்பதை அவரும் வீட்டாரும் அறிந்திருப்பதுடன், தவிர்க்க வேண்டியது என அம்மருந்தின் பெயர் அவருடைய மருத்துவச் சீட்டுகள் அனைத்திலும் எழுதப்பட வேண்டும்.